டிரீம் அலையன்ஸ்: வாரம் பத்து பவுண்டு கட்டி 23 பேர் வச்சிருந்த குதிரையோட வரவு செலவு

ஜம்ப் ரேஸ் குதிரை வச்சிருக்கிறவங்கள பத்தி பேச்சு வந்தா ஒண்ணு ராஜ குடும்பத்து கதை வரும், இல்லன்னா ஜே.பி. மக்மேனஸ் மாதிரி அயர்லாந்து கோடீஸ்வரர் கதை வரும். நான் எடுத்திருக்கிறது ஒரு கிளப் பார்ல பீர் ஊத்திக் கொடுத்துட்டிருந்த அம்மா ஆரம்பிச்ச கதை. குதிரை பேரு டிரீம் அலையன்ஸ். இதை வச்சு சினிமாவே வந்துருச்சு, அதனால பல பேருக்கு மேலோட்டமா தெரிஞ்சிருக்கும், கஷ்டப்பட்ட ஊர்க்காரங்க வளர்த்த குதிரை பெரிய ரேஸ் ஜெயிச்சுது, எல்லாரும் அழுதாங்க, கட்டிப் பிடிச்சாங்கன்னு. எனக்கு அந்த கண்ணீர் பக்கத்தை விட கணக்கு பக்கம்தான் சுவாரசியமா இருந்துச்சு. இந்த விளையாட்டுல காசு போட்டவங்க முக்காவாசி பேர் காசை விட்டுட்டுதான் வெளிய வர்றாங்க, இவங்க மட்டும் கையை சுட்டுக்காம வந்துட்டாங்க. குதிரை நல்லா ஓடுச்சு, சரி, ஆனா அதுக்கு முன்னாடியே ஆரம்பத்துல போட்ட ஒரு சின்ன ரூல்தான் இவங்கள காப்பாத்துச்சுன்னு நான் நினைக்கிறேன். அதைத்தான் கொஞ்சம் விலாவாரியா பார்க்கப் போறோம்.

முதல்ல ஜம்ப் ரேஸ்னா என்னன்னு ரெண்டு வார்த்தை, கிண்டி ஊட்டி ரேஸ் மட்டும் பார்த்தவங்களுக்கு இது புதுசு, அங்க எல்லாம் சமதரை ஓட்டம்தான். பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் குளிர்காலம் முழுக்க இது நடக்கும். சின்ன வயசு குதிரைக்கு முதல்ல பம்பர்னு ஒரு ரேஸ் வைப்பாங்க, அதுல தடை எதுவும் கிடையாது, சும்மா ஓடிப் பழகுறதுக்கு. அடுத்து ஹர்டில்ஸ், மூணரை அடி உயரம், இடிச்சா சாய்ஞ்சு கொடுக்கும். அதுக்கு மேல ஸ்டீப்பிள்சேஸ், குறைஞ்சது நாலரை அடி உயர வேலி, குச்சியும் செடியும் வச்சு இறுக்கமா கட்டினது, இடிச்சா அது பாட்டுக்கு நிக்கும், குதிரைதான் விழும். தூரம் ரெண்டு மைல்ல இருந்து நாலு மைலுக்கு மேல வரைக்கும் போகும். அதனால இந்த குதிரைங்க மெதுவா முதிரும், எட்டு ஒன்பது பத்து வயசுலதான் உச்சத்துல இருக்கும்.

ஓனருக்கு இதோட அர்த்தம் என்னன்னா, காசு வர ஆரம்பிக்கவே பல வருஷம் ஆகும், செலவு மட்டும் முதல் நாள்ல இருந்தே ஓடும். இன்னொரு விஷயம், ஃப்ளாட் ரேஸ்ல, அதாவது சமதரை ஓட்டத்துல, ஆண் குதிரை பெருசா ஜெயிச்சுட்டா அதை இனப்பெருக்கத்துக்கு அனுப்பி கோடி கோடியா பார்க்கலாம், அங்க லாபமே அதுலதான். ஜம்ப் குதிரைல பெரும்பாலானது காயடிச்சது. ஓட்டம் முடிஞ்சா அது ஒரு வீட்டு விலங்கு, அவ்ளோதான். மறுவிற்பனை மதிப்புன்னு சொல்லிக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது. ஆக ஒரு ஜம்ப் குதிரை ஓனர் கைல இருக்கிறது பரிசுப் பணம் மட்டும்தான். அதுலயும் ஜெயிச்ச தொகைல சுமாரா நாலுல மூணு பங்குதான் ஓனருக்கு வரும், மீதி டிரெய்னர், ஜாக்கி, லாயத்து ஆளுங்கன்னு பிரிஞ்சிடும். போட்ட காசுல கால்வாசி திரும்பி வந்தாலே பரவாயில்லன்னு அங்க ஓனர்ங்களே சொல்லிக்குவாங்க.

இப்ப கதைக்கு வருவோம்.

தெற்கு வேல்ஸ், பிளாக்வுட் டவுன் பக்கத்துல கெவ்ன் ஃபாரஸ்ட்னு ஒரு ஊர். நிலக்கரி சுரங்க ஊருங்க எல்லாம். 1984-85 ஸ்ட்ரைக் முடிஞ்சதுக்கு அப்புறம் ஒவ்வொரு சுரங்கமா மூடிட்டாங்க, பக்கத்து ஓக்டேல் சுரங்கம் 1989ல மூடினாங்க, அதோட ஊர்ல வேலைங்கிறதே குறைஞ்சு போச்சு. அங்க தொழிலாளர் கிளப் ஒண்ணுல பார் வேலை பார்த்தவங்க ஜான் வோக்ஸ். காலைல சூப்பர்மார்க்கெட் கிளீனிங், சாயங்காலம் பார். இவங்களுக்கு குதிரை புதுசே தவிர பந்தயத்துக்கு உயிர் வளர்க்கிறது புதுசு இல்ல, பந்தயப் புறா வளர்த்திருக்காங்க, விப்பெட் நாய் வளர்த்து பரிசு வாங்கியிருக்காங்க. எதை எதோட சேர்த்தா எப்படி குட்டி வரும்னு ஒரு கண்ணு இருந்துருக்கு. இதை நிறைய பேர் கவனிக்காம விட்டுட்டு "ஒண்ணும் தெரியாத பார்க்காரம்மா"ன்னு எழுதுறாங்க, எனக்கு அது பிடிக்கறதில்ல.

கிளப்புக்கு வர்ற ஹவர்ட் டேவிஸ்ங்கிறவர் வரி ஆலோசகர், அவர் முன்னாடி ஒரு ரேஸ் குதிரைல பங்கு வச்சிருந்து காசை விட்டவர். அந்த கதையை அவர் பார்ல சொல்லிட்டிருக்கும்போது ஜான் காதுல விழுது. கேக்குறவங்க பயந்து ஓடணும், இந்த அம்மா அதைக் கேட்டுட்டு நாமளும் ஒண்ணு வளர்த்தா என்னன்னு யோசிக்கிறாங்க. நல்ல குதிரை வாங்குற காசு இல்ல, அதனால வாங்க வேணாம், ஒரு பெண் குதிரை வாங்கி குட்டி போட வைப்போம்னு முடிவு. கணவர் பிரையனும் சேர்ந்து ரூபெல்னு ஒரு பெண் குதிரையை 350 பவுண்டுக்கு வாங்குறாங்க. விலை அவ்ளோ சல்லிசா இருந்ததுக்கு காரணம் இருக்கு, உடம்புல கம்பிவேலி கிழிச்ச தழும்பு, குணமும் சரியில்ல, ரேஸ்லயும் ஒண்ணும் சாதிக்கல. பியன் பியன்ங்கிற ஆண் குதிரையோட சேர்த்தாங்க. 2001 மார்ச்ல குட்டி பிறந்துச்சு. செம்பட்டை நிறம், முகத்துல அகலமா வெள்ளை பட்டை, நாலு காலும் வெள்ளை. நாலு காலும் வெள்ளையா இருந்தா அந்த குதிரையை வாங்காதேன்னு இங்கிலீஷ்காரங்க கிட்ட ஒரு பழமொழியே இருக்கு, நம்மாளுங்க சுழி பார்க்கிற மாதிரி. வளர்ந்த இடம் ஃபார்ம் எல்லாம் இல்ல, சுரங்கத்து கழிவு கொட்டின மேட்டுல ஊர்க்காரங்க காய்கறி போடுற துண்டு நிலம், அங்க ஒரு கொட்டகை.

இப்பதான் அந்த ரூல் வருது. 23 பேரை சேர்த்தாங்க, ஆளுக்கு வாரம் பத்து பவுண்டு. நம்ம ஊர் சீட்டு மாதிரிதான், கடைசில சீட்டு விழுமான்னு மட்டும் உறுதி இல்ல. 23 பேர், பத்து பவுண்டு, வாரம் 230, வருஷத்துக்கு 11,960 பவுண்டு. ஒரு நல்ல டிரெய்னர் கிட்ட ஒரு ஜம்ப் குதிரையை விட்டா தினசரி ஃபீஸ், லாடம், வெட்னரி, என்ட்ரி ஃபீஸ், ஜாக்கி ஃபீஸ், வண்டி வாடகைன்னு எல்லாம் சேர்ந்து இந்த தொகையை சுலபமா முழுங்கிடும், மேலயும் கேக்கும். ஆனா ஒவ்வொரு ஆளோட பக்கத்துல இருந்து பாருங்க, வாரம் பத்து பவுண்டுங்கிறது ஒரு சனிக்கிழமை ராத்திரி கிளப்ல போற காசு. குதிரை ஓடலன்னாலும் வீடு போகாது. ஹவர்ட் முன்னாடி அடிபட்டவர், அவர் இருக்கிறதால இந்த கட்டுப்பாடு வந்துருக்கும்னு எனக்கு ஒரு யூகம், யூகம்தான். தனி ஆளா ஒருத்தர் ஒரு குதிரை முழுசையும் வச்சிருந்தா ஒரு மோசமான வருஷத்துல இன்னும் கொஞ்சம் போட்டா சரியாகிடும்னு போட்டுக்கிட்டே போவாரு. 23 பேர் சங்கம்னா அப்படி முடியாது, இன்னொரு அஞ்சு பவுண்டு கேக்கணும்னாலே கூட்டம் போடணும், நாலு பேர் முறைப்பான். அந்த முறைப்பு ரொம்ப ஆரோக்கியமான விஷயம்.

சரி, 2001ல பிறந்த குட்டி முதல் ரேஸ் ஓடினது 2004 நவம்பர் 10, நியூபரி. நடுவுல மூணரை வருஷம். அந்த மூணரை வருஷமும் ஒரு பைசா வருமானம் கிடையாது, தீவனமும் வைத்தியமும் மட்டும்தான், ஆளுங்க வாரா வாரம் கட்டிட்டுதான் இருக்கணும். கனவுன்னு எல்லாரும் சொல்றதுல இந்த மூணரை வருஷத்தை யாரும் சேர்க்க மாட்டாங்க. இங்கதான் பல சிண்டிகேட், அதாவது இந்த மாதிரி கூட்டுச் சங்கம், உடையும், ஒருத்தர் வேலை போச்சுன்னு விலகுவார், ஒருத்தர் டைவர்ஸ், ஒருத்தருக்கு சலிச்சுரும்.

டிரெய்னர் விஷயத்துல இவங்க கஞ்சத்தனம் காட்டல, அது என்னை ஆச்சரியப்படுத்துச்சு. 350 பவுண்டு அம்மாவோட பிள்ளையை பக்கத்துல ஒரு சின்ன யார்டுல (டிரெய்னரோட லாயம்) சேர்த்திருக்கலாம், மலிவு. அதை விட்டுட்டு சாமர்செட்ல மைன்ஹெட் பக்கம் இருக்கிற ஃபிலிப் ஹாப்ஸ் கிட்ட கொண்டுபோய் விட்டாங்க. 2003ல ரூஸ்டர் பூஸ்டரை வச்சு சாம்பியன் ஹர்டில் ஜெயிச்ச டிரெய்னர் அவர், ரிச்சர்ட் ஜான்சன் மாதிரி ஜாக்கி அப்ப அவர் யார்டுக்கு ஓட்டிட்டிருந்தவர். அந்த லாயத்துல பக்கத்து பெட்டில (குதிரை நிக்கிற தனி அறை) நிக்கிற குதிரை எல்லாம் லட்சக்கணக்குல விலை போனது. குட்டியை வாங்குறதுல மிச்சம் பிடிச்ச காசை டிரெய்னிங்ல போட்டாங்கன்னு சொல்லலாம். எனக்கு கேட்டா இந்த கேஸ்ல எடுத்த மிகச்சரியான வியாபார முடிவு இதுதான்.

நியூபரி பம்பர்ல நாலாவது வந்துச்சு. கொட்டகைல வளர்ந்த குதிரைக்கு முதல் நாளே நாலாவதுன்னா ஊர்ல பயங்கர குஷி. அதுக்கப்புறம் ஹர்டில்ஸ், அப்புறம் ஸ்டீப்பிள்சேஸ், ஜெயிப்பும் தோல்வியுமா போய்ட்டு இருந்துச்சு. அதை ரேஸ் ரேஸா சொல்லிட்டிருந்தா போரடிக்கும், தாண்டிடுவோம்.

2007 டிசம்பர் 1, மறுபடி நியூபரி, ஹென்னஸி கோல்ட் கப். பெரிய ஹேண்டிகேப் ரேஸ். ஹேண்டிகேப்னா நல்லா ஓடுற குதிரைக்கு எடை அதிகம் ஏத்தி, சுமாரானதுக்கு கம்மி பண்ணி, எல்லாரையும் ஒரே கோட்டுக்கு கொண்டு வர்ற ஏற்பாடு. அன்னைக்கு டென்மன்னு ஒரு மலை மாதிரி குதிரை அதிகபட்ச எடையை சுமந்துக்கிட்டு ஓடி எல்லாரையும் தூக்கி சாப்பிட்டுருச்சு, அடுத்த மார்ச்ல அது செல்டன்ஹாம் கோல்ட் கப்பும் ஜெயிச்சுது. டென்மனுக்கு 11 லெங்த் (ஒரு லெங்த்னா ஒரு குதிரையோட நீளம்) பின்னாடி ரெண்டாவதா வந்தது நம்ம கொட்டகை பையன். (டென்மனோட ஓனர்ங்க யாருன்னா ஒரு பால் பண்ணைக்காரரும் ஒரு சூதாட்டக்காரரும், பால் பார்பர், ஹேரி ஃபிண்ட்லே. இந்த விளையாட்டுல கூட்டுச் சேர்க்கையே ஒரு தனி காமெடி.) ரெண்டாவது இடத்துக்கே நல்ல காசு வந்துச்சு. சங்கத்துக்கு கையிருப்புன்னு ஒண்ணு சேர ஆரம்பிச்சது இந்த சமயம்தான்.

அடுத்த நாலு மாசத்துல எல்லாம் தலைகீழ்.

2008 ஏப்ரல், எயின்ட்ரீ. ஓடிட்டு இருக்கும்போது முன்னங்கால் தசைநாண்ல வெட்டு. குதிரை வேகமா போகும்போது பின்னங்கால் முன்னால நீண்டு வந்து விழும், முன்னங்கால் தூக்க ஒரு கண்ணிமை நேரம் லேட்டானா பின்னங்கால் லாடத்து விளிம்பு முன்னங்கால் பின்பக்கத்துல போய் கத்தி மாதிரி இறங்கும். அங்க சதைன்னு ஒண்ணும் இல்ல, தோலுக்கு அடியில நேரா தசைநாண்தான், நம்ம குதிகால் மேல இருக்கிற நரம்பு மாதிரி தடிச்ச கயிறு. ஓடும்போது குதிரையோட மொத்த எடையும் அந்த கயித்துலதான் தொங்கும். அது அறுந்தா முக்காவாசி கேஸ்ல அன்னைக்கே முடிவு. ரேஸ்கோர்ஸ்ல பச்சை கலர் திரை ஒண்ணு வச்சிருப்பாங்க, விழுந்த குதிரையை சுத்தி அதை நிறுத்துவாங்க, ஜனங்க பார்க்கக்கூடாதுன்னு. ஓனரா இருக்கிறவங்களுக்கு அந்த திரையை தூக்கிட்டு ஆளுங்க ஓடுறத பார்க்கிறத விட கொடுமை வேற இல்ல. ரேஸ் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு கூட அது எதுக்குன்னு புரிஞ்சிரும்.

டிரீம் அலையன்ஸ் அன்னைக்கு உயிரோட திரும்புச்சு. ஆனா இனிமே ஓடுமா? ஏழு வயசு, காயடிச்சது, விக்கவும் முடியாது, குட்டி போடவும் வைக்க முடியாது. கணக்குப்பிள்ளை ஒருத்தரை கேட்டா ஒரே பதில்தான், இதுக்கு மேல ஒரு பவுண்டு கூட போடாதீங்க. அப்பதான் ஸ்டெம் செல் சிகிச்சைன்னு ஒரு வழி இருக்குன்னு சொல்றாங்க, லிவர்பூல் பல்கலைக்கழக கால்நடை மருத்துவர்ங்க மூலமா. செலவு சுமார் 20,000 பவுண்டு. சங்கத்தோட வருஷ சந்தா 11,960ன்னு மேல பார்த்தோம்ல, கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் வருஷ சந்தா ஒரே காலுக்கு.

சிகிச்சை எப்படின்னா, குதிரையை மயக்கமும் இல்லாம முழிப்பும் இல்லாம ஒரு தூக்க நிலைல நிக்க வச்சு, நெஞ்செலும்புல ஊசி இறக்கி எலும்பு மஜ்ஜை எடுப்பாங்க. அதுல இருந்து ஸ்டெம் செல்லை பிரிச்சு லேப்ல சில வாரம் வளர்த்து கோடிக்கணக்குல பெருக்கி, அப்புறம் அல்ட்ராசவுண்ட்ல பார்த்துக்கிட்டே சரியா அந்த கிழிஞ்ச இடத்துல ஊசி வழியா திரும்ப செலுத்துவாங்க. சாதாரணமா தசைநாண் தானா ஆறும்போது தழும்புச் சதையா ஆறும், அதுல இழுவை இருக்காது, அதனால மறுபடி வேகமா ஓடினா அங்கயே திரும்ப கிழியும். ஸ்டெம் செல் போட்டா பழைய தசைநாணுக்கு கொஞ்சம் பக்கத்துல வர்ற மாதிரி ஆறும்னு எதிர்பார்ப்பு. ஊசி போட்டதோட முடியாது. மாசக்கணக்குல பெட்டிக்குள்ளயே நிறுத்தி, தினம் சில நிமிஷம் கையில பிடிச்சு நடத்தி, வாரத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, அப்புறம் மெல்லோட்டம். சுறுசுறுப்பான ரேஸ் குதிரையை பெட்டிக்குள்ள பூட்டி வைக்கிறது ரெண்டு வயசு பிள்ளையை கார்ல உக்கார வைக்கிற மாதிரி, எட்டி உதைச்சே காயத்தை பெருசு பண்ணிக்கும்.

20,000 யார் கட்டுறது? இங்க ஜான் வோக்ஸ் சொன்ன நியாயம் எளிமையானது, அந்த காசு குதிரை ஓடி சம்பாதிச்சது, அதை அதுக்கே செலவு பண்ணுவோம். பரிசுப் பணத்துல இருந்தே கட்டினாங்க. படம் பார்க்கிறவங்களுக்கு இது பாசம். எனக்கு பாசமும் தெரியுது, அதோட கூட இன்னொண்ணும் தெரியுது, யாரும் புதுசா பாக்கெட்ல கை விடல. பத்து பவுண்டு பத்து பவுண்டாவே நின்னுச்சு. ஹென்னஸில வந்த காசு மாதிரி வரவையெல்லாம் அப்பவே ஆளுக்கு இவ்ளோன்னு பிரிச்சுக்கிட்டு போயிருந்தா, எயின்ட்ரீ நாளைக்கு அப்புறம் இந்த பேச்சுக்கே இடம் இருந்திருக்காது, ஒவ்வொருத்தர் வீட்டு வாசல்லயும் போய் ஆளுக்கு 870 பவுண்டு கொடுங்கன்னு கேட்டிருக்கணும், வேலை இல்லாத ஊர்ல. அப்ப பாசம் எத்தனை பேர் கிட்ட மிஞ்சியிருக்கும்னு எனக்கு தெரியல.

ஒன்றரை வருஷத்துக்கு மேல ரேஸ் கிடையாது. திரும்பி வந்ததும் நேரா பெரிய வேலி தாண்ட விடல, ஒரு ஹர்டில் ரேஸ்ல ஓட விட்டு கால் தாங்குதான்னு பார்த்தாங்க, தாங்குச்சு. அடுத்து 2009 டிசம்பர் 28, செப்ஸ்டோ, வெல்ஷ் நேஷனல்.

வேல்ஸ்காரங்களுக்கு இதுதான் சொந்த ஊர் திருவிழா ரேஸ், கிறிஸ்மஸ் விடுமுறைல வரும், மூணு மைல் அஞ்சரை ஃபர்லாங், நம்ம கணக்குல 6 கிலோமீட்டருக்கு கொஞ்சம் கம்மி, டிசம்பர் சேத்துல. குதிரைங்க முடிக்கும்போது எது எந்த கலர்னே தெரியாத அளவுக்கு மண்ணு அப்பியிருக்கும். டிரீம் அலையன்ஸ் மேல 20-க்கு 1 ஆட்ஸ், அதாவது பெருசா யாரும் நம்பல, நம்பவும் காரணம் இல்ல, தசைநாண் அறுந்துட்டு திரும்ப வந்த குதிரை 6 கிலோமீட்டர் சேத்துல தாங்குமா. மேல டாம் ஓ'பிரையன். கடைசி நேர்கோட்டுல சில்வர் பை நேச்சர்னு ஒரு குதிரை, சேறுன்னா அதுக்கு அல்வா, அது துரத்திட்டு வருது, கோட்டை தாண்டும்போது முக்கா லெங்த் இடைவெளி. டிரீம் அலையன்ஸ்தான் முன்னாடி. பரிசு 57,000 பவுண்டு பக்கம். ஸ்டெம் செல் போட்ட கால்ல இவ்ளோ பெரிய ரேஸ் ஜெயிச்ச முதல் குதிரைன்னு இதை சொல்லுவாங்க.

போட்ட 20,000 ஒரே மதியத்துல திரும்பிருச்சு பாருன்னு சொல்லத் தோணும். அப்படி சொல்லக்கூடாது. முடிவு எடுத்த அன்னைக்கு அது நஷ்ட முடிவுதான், பத்து தடவை இதே சூழ்நிலை வந்தா ஒன்பது தடவை அந்த காசு போயிருக்கும். போனாலும் பரவாயில்லங்கிற நிலைல இருந்துக்கிட்டு அந்த காசை போட்டாங்க, அதுதான் வித்தியாசம்.

வேல்ஸ் பக்கம் இதுக்கு முன்னாடியும் இப்படி ஒண்ணு நடந்திருக்கு, 1990ல நார்ட்டன்ஸ் காயின். சிரல் கிரிஃபித்ஸ்னு ஒரு பால் பண்ணைக்காரர் தன்னோட குதிரைக்கு தானே டிரெய்னிங் கொடுத்து செல்டன்ஹாம் கோல்ட் கப்பை 100-க்கு 1ல ஜெயிச்சார். அன்னைக்கு காலைல மாடு கறந்துட்டுதான் ரேஸுக்கு கிளம்பினாராம். அதனால வேல்ஸ்காரன் ஜெயிச்சான்னா அங்க யாரும் முழுசா ஆச்சரியப்பட மாட்டாங்க, எங்கயோ ஒரு ஓரத்துல எதிர்பார்த்துக்கிட்டே இருப்பாங்க.

ஜெயிச்சதுக்கு தண்டனை உண்டு இந்த விளையாட்டுல. மேல ஹேண்டிகேப் பத்தி சொன்னேன்ல, பெரிய ரேஸ் ஜெயிச்ச உடனே ரேட்டிங்கை ஏத்திடுவாங்க, அடுத்த தடவை அதே குதிரை கூடுதல் எடை சுமக்கணும். உச்சத்தை தொட்ட அடுத்த நிமிஷம் உன் குதிரையை பிரேக் பிடிச்சு ஓட்டச் சொல்ற மாதிரி. 2010 ஏப்ரல், எயின்ட்ரீ, இந்த தடவை கிராண்ட் நேஷனலே, பிரிட்டன் ஜம்ப் ரேஸ்லயே ரொம்ப பேர் போனது. 40 குதிரை, 30 வேலி, நாலரை மைல். ரெண்டு வருஷம் முன்னாடி கால் போன அதே மைதானம். டிரீம் அலையன்ஸ் முடிக்கல, ஜாக்கி நடுவுலயே நிறுத்திட்டார். அன்னைக்கு ஜெயிச்சது டோன்ட் புஷ் இட், ஓட்டினது டோனி மக்காய், ஓனர் யாருன்னா நான் ஆரம்பத்துல சொன்ன அதே ஜே.பி. மக்மேனஸ். அவருக்கே அதுதான் முதல் கிராண்ட் நேஷனல், பல வருஷமா டஜன் கணக்குல குதிரை இறக்கிப் பார்த்து கடைசில கிடைச்சது. மக்காய்க்கு அது 15-வது முயற்சி. கோடீஸ்வரனுக்கும் பார்க்காரம்மாவுக்கும் அந்த 30 வேலியும் ஒரே உயரம்தான், ஆனா கோடீஸ்வரனுக்கு அடுத்த வருஷம் இன்னும் அஞ்சு குதிரை இருக்கும்.

டிரீம் அலையன்ஸுக்கு நுரையீரல் பிரச்சனைன்னு அப்புறம் தெரிய வந்துச்சு. ரேஸ் குதிரைங்களுக்கு இது சகஜம், உச்ச வேகத்துல நுரையீரலோட சின்ன ரத்தக்குழாய்ல அழுத்தம் தாங்காம கசியும், பல குதிரைக்கு லேசா, சிலதுக்கு மோசமா. அமெரிக்காவுல ரேஸ் அன்னைக்கே அதுக்கு மருந்து கொடுக்கிற வழக்கம் ரொம்ப நாளா இருந்துச்சு, பிரிட்டன்ல ரேஸ் நாள்ல கொடுக்கக்கூடாது. 2012ல ரிட்டயர் பண்ணிட்டாங்க. 2010 எயின்ட்ரீக்கும் 2012க்கும் நடுவுல ஓடின ரேஸ் எதுவும் பழைய உயரத்துக்கு வரல. எனக்கு இந்த ரெண்டு வருஷம் பத்தி படிக்கும்போது லேசா ஒரு நெருடல் இருக்கு, வெல்ஷ் நேஷனல் அன்னைக்கே மாலை போட்டு வீட்டுக்கு கூட்டிட்டு போயிருந்தா என்னன்னு. ஆனா அப்ப அதுக்கு எட்டு வயசுதான், உச்ச வயசு, 23 பேர்ல எத்தனை பேர் அன்னைக்கு நிறுத்தலாம்னு கை தூக்கியிருப்பாங்க? நானா இருந்தாலும் தூக்கியிருக்க மாட்டேன்.

இதை விட மோசமாவும் முடியும், அதையும் சொல்லியாகணும். பெஸ்ட் மேட்டுனு ஒரு குதிரை, 2002, 2003, 2004 மூணு வருஷமும் கோல்ட் கப் ஜெயிச்சது, 2005 நவம்பர்ல எக்ஸிடர் மைதானத்துல ரேஸுக்கு நடுவுல நிறுத்தினாங்க, அங்கயே விழுந்து செத்துப்போச்சு. மெனி கிளவுட்ஸ், 2015 கிராண்ட் நேஷனல் சாம்பியன், 2017 ஜனவரில செல்டன்ஹாம்ல ஒரு ரேஸ் ஜெயிச்சுட்டு சில நிமிஷத்துல சரிஞ்சுது, நுரையீரல்ல கடும் ரத்தக்கசிவு. ஜெயிச்ச சந்தோஷமும் குதிரை செத்த துக்கமும் ஒரே நேரத்துல. இந்த வகை ரிஸ்க்குக்கு வாரம் பத்து பவுண்டு ரூல் எல்லாம் ஒண்ணும் பண்ணாது.

இப்ப கணக்கை முடிப்போம். டிரீம் அலையன்ஸ் மொத்தமா சம்பாதிச்ச பரிசு 138,646 பவுண்டு. பெரிய தொகை மாதிரி தெரியும். எல்லா செலவும் கழிச்சு கடைசில ஆளுக்கு லாபமா வந்தது 1,430 பவுண்டுன்னு செய்திகள்ல போட்டிருந்தாங்க. பத்து வருஷம் கட்டினாங்கன்னு வச்சுக்கிட்டா வாரத்துக்கு 2.75 பவுண்டு லாபம், அந்த காலத்துல சுமாரா ஒரு பைன்ட் பீர் விலை. வெல்ஷ் நேஷனலே ஜெயிச்சும் இவ்ளோதான். ஜெயிக்காத, ரெண்டாவது மூணாவதுன்னு ஓடிட்டு இருக்கிற நூத்துக்கணக்கான ஜம்ப் குதிரைங்களோட ஓனர்ங்க கணக்கை இதுல இருந்து நீங்களே போட்டுப் பாத்துக்கோங்க.

ரூபெல் வயித்துல இன்னும் குட்டிங்க பிறந்துச்சு, டிரீம் அலையன்ஸோட தம்பி தங்கச்சிங்க. அதுங்களையும் ஓட விட்டுப் பார்த்தாங்க. அதே அம்மா, அதே ஊர் ஆளுங்க, ஆனா வெல்ஷ் நேஷனல் உயரத்துக்கு எதுவும் வரல. ரிட்டயரான பய மட்டும் சாமர்செட்ல, ஹாப்ஸ் யார்டுல அதை பார்த்துக்கிட்ட ஒருத்தர் கூடவே போய் தங்கிட்டான்.